குரல் முந்தியது, கோபுரம் பிந்தியது



கண்டியிலிருந்து காலைப் புகையிரதத்தில் கொழும்புக்குப் போகிறவர்கள், மருதானையை நெருங்கும்போது ஒரு காட்சியைக் காணத் தவறமாட்டார்கள். பேரை வாவிக் கரையிலே, பச்சைத் தண்டின் மேல் விரியக் காத்திருக்கும் மொட்டைப் போல, வானளாவ ஒரு கோபுரம் நிற்கிறது. தாமரைக் கோபுரம் என்பது அதன் பெயர். உயரம் 350 மீற்றருக்கும் சற்று அதிகம். இலங்கையில் இதனிலும் உயரமான கட்டிடம் எதுவுமில்லை.

அண்மையில் என் பேரனோடு அவ்வழியே போனபோது, அவன் கழுத்தை வளைத்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது என்னத்துக்கு அப்பா இவ்வளவு உசரம்?" என்று கேட்டான். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் தொலைத்தொடர்புக்குமாகக் கட்டிய கோபுரம் என்றேன். சற்று யோசித்துவிட்டு அவன் கேட்டான்:

"அப்ப, இத கட்ட முந்தி றேடியோ கேக்கல்லையா?"

சிறுவனின் கேள்விதான். ஆனால், அக்குறணைக்குத் திரும்பி வரும்வரை அது என்னை விடவில்லை. இன்றைய உரை அந்தக் கேள்விக்கான பதிலாகவே அமைகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். வானொலிக் கோபுரங்கள் எல்லாமே வானொலிக்காகப் பிறந்தவையல்ல. உலகறிந்த பாரிஸ் நகரின் ஈபல் கோபுரத்தையே எடுத்துக்கொள்வோம். 1889ஆம் ஆண்டு நடைபெற்ற உலகக் கண்காட்சிக்காக அது கட்டப்பட்டது. அதைக் கட்டிய குஸ்தாவ் ஈபலுக்கு நகரசபை கொடுத்த அனுமதி இருபது ஆண்டுகளுக்கு மட்டுமே. 1909இல் அதைக் கழற்றி இரும்பாக்கிவிடலாம் என்பதுதான் ஏற்பாடு. பாரிஸின் எழுத்தாளரும் ஓவியரும் பலர் அந்த இரும்புக் குவியலைக் கண்ணிலே காட்டாதீர்கள் என்று கட்டும்போதே எதிர்ப்புத் தெரிவித்திருந்தார்கள்.

தம் கோபுரத்துக்கு ஏதேனும் ஒரு பயனைக் காட்டினாலன்றி அது பிழைக்காது என்பதை ஈபல் உணர்ந்திருந்தார். 1898 நவம்பரில் அதன் உச்சியிலிருந்து நான்கு கிலோமீற்றர் தொலைவிலிருந்த பாந்தியன் மண்டபத்துக்குக் கம்பியில்லாத் தந்திக் குறிகள் அனுப்பப்பட்டன. பின்னர் இராணுவப் பொறியியலாளர் ஃபெரியே அங்கே ஆய்வுகளைத் தொடர்ந்தார். அலைகளை அனுப்ப உயரம் வேண்டும். பாரிஸில் அதைவிட உயரம் வேறெங்கும் இல்லை. முடிவில் 1910இல் அனுமதி மேலும் எழுபது ஆண்டுகளுக்கு நீடிக்கப்பட்டது. ஆக, கோபுரம் வானொலிக்கு உதவியதைக் காட்டிலும் வானொலிதான் கோபுரத்தைக் காப்பாற்றியது எனலாம்.

வானொலிக்காகவே பிறந்த கோபுரத்துக்கு மொஸ்கோ நகரம் நல்ல உதாரணம். அங்கே ஷபோலொவ்காவில் விளாடிமிர் ஷுகோவ் என்ற பொறியியலாளர் 1919இல் ஒரு வானொலிக் கோபுரத்துக்கு வரைபடம் தயாரித்தார். அவர் நினைத்த உயரம் 350 மீற்றர். அதாவது நமது தாமரைக் கோபுரத்தின் உயரம்! ஆனால் உள்நாட்டுப் போரால் நொந்துபோயிருந்த அந்நாட்டில் அவ்வளவு இரும்பு இல்லை. எனவே ஏறத்தாழ 150 மீற்றர் உயரத்தோடு அவர் திருப்தியடைய வேண்டியதாயிற்று. 1921 ஜூனில், உயர்த்திக்கொண்டிருந்த ஒரு பகுதி அறுந்து விழுந்தது. குற்றம் ஷுகோவ் மீது சுமத்தப்பட்டு, ஒத்திவைத்த மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. கோபுரம் முடியும்வரை தலைக்கு மேல் தொங்கும் கத்தியோடு அவர் வேலை செய்தார். 1922 மார்ச்சில் அது ஒலிபரப்பத் தொடங்கியது. கூடை பின்னியதைப் போன்ற அந்த இரும்புக் கோபுரத்தைக் கட்டிடக்கலை மாணவர்கள் இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள்.

இனி, நமது நாட்டுக்கு வருவோம்.

மொஸ்கோவிலே கோபுரம் எழுந்து ஓராண்டுதான் கழிந்திருந்தது. 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சிற்றறையில், தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயர், பரீட்சார்த்தமாக இசைத்தட்டு ஒன்றை ஒலிபரப்பினார். அதற்குப் பயன்பட்ட பரப்பி எங்கிருந்து வந்தது தெரியுமா? முதலாம் உலகப் போரிலே கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு, திணைக்களத்துப் பொறியியலாளர்களே அதைப் பொருத்தினார்கள். கடலுக்கடியிலே சாவுச் செய்தி அனுப்பிய கருவி, கொழும்பிலே பாட்டுப் பாடியது.

1925 டிசம்பர் 16ஆம் திகதி, தேசாதிபதி சேர் ஹியூ கிளிஃபர்ட் ஒழுங்கான ஒலிபரப்பை ஆரம்பித்து வைத்தார். வெலிக்கடையிலிருந்து ஒரு கிலோவாற்று வலுவில் மத்திய அலையில் 'கொழும்பு வானொலி' பேசியது. பி.பி.சி. பிறந்து அப்போது மூன்றே ஆண்டுகள். பம்பாயில் இந்திய ஒலிபரப்புக் கம்பனி தன் நிலையத்தைத் திறந்தது அதற்கும் பின்னர், 1927இல்தான். அந்த டிசம்பரிலிருந்து எண்ணினால் 2025 டிசம்பரோடு நமது வானொலிக்கு வயது நூறு.

ஆனால் அந்தக் குரல் உலகக் குரலாகிய கதைக்கு, கொழும்பை விட்டு நம் பக்கமே வரவேண்டும்.

பேராதனைப் பூந்தோட்டத்துக்குச் சுற்றுலா போகாத அக்குறணைப் பிள்ளை இருக்கமுடியாது. 1944 ஏப்ரலில் அந்தத் தோட்டம் ஒரு போர்க்கூடமாக மாறியது. ஜப்பானியருக்கு எதிரான தென்கிழக்காசிய நேசநாட்டுப் படைகளின் தலைமையகத்தை மவுண்ட்பேட்டன் பிரபு டில்லியிலிருந்து கண்டிக்குக் கொண்டுவந்தார். பர்மாவிலும் மலாயாவிலும் அதற்கப்பாலும் இருந்த படைவீரர்களுக்குச் செய்தியும் பாட்டும் கேட்பிக்க ஒரு வானொலி வேண்டியிருந்தது. 'றேடியோ சீயக்' என்பது அதன் பெயர். அதற்காக ஜா-எலைக்கு அருகே ஏக்கலயில் 100 கிலோவாற்று வலுவுள்ள சிற்றலைப் பரப்பியொன்று நிறுவப்பட்டது. 1925இன் ஒரு கிலோவாற்றோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்!

பரப்பி முழு வலுவுடன் இயங்கத் தொடங்கிய 1946இல் போர் முடிந்துவிட்டிருந்தது. கேட்கவேண்டிய படைவீரர்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். 1949இல் அந்த நிலையம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 'றேடியோ சிலோன்' என்ற பெயரும் வந்தது. போருக்குச் செய்த ஆயுதத்தைச் சுதந்திர நாடொன்று பாட்டுக்கும் பேச்சுக்கும் எடுத்துக்கொண்டது.

இங்கேதான் என் பேரனின் கேள்விக்குரிய விஞ்ஞானம் இருக்கிறது. ஏக்கலயில் வானைத் தொடும் கோபுரம் இல்லை. தென்னந்தோட்டங்களுக்கு நடுவே கம்பங்களும் கம்பிகளும்தான். அங்கிருந்து புறப்பட்ட குரல் இமயமலை வரை கேட்டது எப்படி? சிற்றலையின் குணம் அது. பூமிக்கு மேலே நூறு முதல் சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் மின்னூட்டம் பெற்ற காற்றுப் படலம் இருக்கிறது. சிற்றலை அதிலே பட்டு வளைந்து மீண்டும் பூமிக்குத் திரும்பும். அருகிலிருப்பவனைத் தாண்டிக் குதித்து, ஆயிரம் மைலுக்கு அப்பாலிருப்பவன் காதில் விழும். அதற்கு மனிதன் கோபுரம் கட்டத் தேவையில்லை. வானமே அதன் கோபுரம்.

1950இல் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த அவுஸ்திரேலியரான கிளிஃபர்ட் டொட் அதை வழிநடத்தினார். அடுத்த இரண்டாண்டில் இந்தியாவில் ஒரு வாய்ப்புத் தானாகவே வந்து சேர்ந்தது. அங்கே தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாடல்கள் இரசனையைக் கெடுக்கின்றன என்று கருதி அகில இந்திய வானொலியில் அவற்றைக் கட்டுப்படுத்தினார். மக்கள் வானொலிப் பெட்டியை நிறுத்தவில்லை. ஊசியை மட்டும் கொழும்புக்குத் திருப்பினார்கள்! 1952இல் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' இந்தி நிகழ்ச்சி கொழும்பிலிருந்து ஒலிபரப்பாகி வட இந்தியா முழுவதையும் கட்டிப்போட்டது. நிலைமையைச் சமாளிக்க 1957இல் 'விவித பாரதி' சேவையை இந்தியா தொடங்க வேண்டியதாயிற்று. ஒரு சிறிய தீவின் வானொலி, ஒரு துணைக்கண்டத்து அரசின் கொள்கையை மாற்ற வைத்தது சிறிய காரியமல்ல.

தமிழில் நிகழ்ந்ததும் அதற்குக் குறைந்ததல்ல. ஒலிபரப்பைக் கலையாகவே கண்டு, 'ஒலிபரப்புக் கலை' என்று நூலெழுதியவர் சோ. சிவபாதசுந்தரம். இலண்டன் பி.பி.சி.யின் தமிழ் நிகழ்ச்சிக்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டியவரும் அவரே. வர்த்தக சேவையில் எஸ்.பி. மயில்வாகனம், நாடகத்தில் 'சானா' சண்முகநாதன், பின்னர் வி.ஏ. கபூர், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று நீளும் அந்த வரிசை. இராமநாதபுரத்துத் தேநீர்க் கடையிலும் நாகூர்க் கடைத்தெருவிலும் இவர்கள் பெயர் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்போலப் புழங்கியது. 1967 ஜனவரியில் வானொலி கூட்டுத்தாபனமாகியது. 1972இல் நாட்டின் பெயரோடு அதன் பெயரும் மாறி 'இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்' ஆயிற்று. அந்த நீண்ட பெயரை ஒரே மூச்சில் அறிவிப்பாளரைப் போலச் சொல்லிப் பார்க்காத பிள்ளைகள் அக்காலத்தில் குறைவு.

எங்கள் வீட்டு வானொலியையும் ஓரிரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பாட்டனாரை நாங்களும் 'அப்பா' என்றே அழைப்போம். அவர் கொழும்பிலே கடை வைத்திருந்தார். மாதக் கடைசியில் ஊருக்கு வரும்போது ஒருமுறை வால்வு வானொலிப் பெட்டியொன்றைக் கொண்டுவந்தார். கூரை முகட்டிலிருந்து கொல்லைப்புறத்துப் பாக்கு மரத்துக்குச் செப்புக் கம்பி இழுத்துக் கட்டப்பட்டது. அதற்கு ஏரியல் என்று பெயர். காற்றடித்துப் பாக்கு மரம் ஆடினால் கொழும்பும் சேர்ந்து ஆடும். மழை பெய்து பிங்கா ஓயா பெருகும் நாட்களில் குரலோடு இரைச்சலும் கலந்து வரும். மரமேறிக் கம்பியை இறுக்கிக் கட்டுவது என் வாப்பாவின் வேலை. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அந்தப் பாக்கு மரமே முதல் வானொலிக் கோபுரம்.

நோன்பின் கடைசி நாட்களில் பிறை பார்க்கும் இரவு வரும். அயல்வீட்டார் அத்தனை பேரும் எங்கள் விறாந்தையில் கூடிவிடுவார்கள். பெண்கள் திரைக்குப் பின்னால், பிள்ளைகள் படிக்கட்டில். உம்மா குசினியில் அரிசி இடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உலக்கையோடு நிற்பார். கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் முடிவு வானொலியில் வரும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "பிறை கண்டாச்சு" என்று பெட்டி சொன்ன மறுகணம் உலக்கைச் சத்தம் கேட்கும். ஓர் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே குரலைக் கேட்பது எத்தகையது என்பதை, ஆளுக்கொரு கைத்தொலைபேசி வைத்திருக்கும் இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம்.

பின்னர் காலம் மாறியது. 1979இல் சுயாதீன தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினியும் வந்தன. பண்பலை வானொலியும் பரவியது. 1998இல் சூரியனும் சக்தியும் தனியார் தமிழ்ப் பண்பலைகளாகத் தொடங்கின. தொலைக்காட்சியின் அலையும் பண்பலையும் சிற்றலையின் குணமுடையவை அல்ல. அவை நேர்கோட்டில் போகும். இடையிலே மலை நின்றால் அதோடு சரி. ஆகவே இந்தச் சேவைகளுக்குத்தான் உயரம் இன்றியமையாதது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். தடையற்ற சமவெளியில் 350 மீற்றர் உயரத்தில் நிற்பவனுக்கு அடிவானம் ஏறத்தாழ 67 கிலோமீற்றர் தொலைவில் தெரியும். கொழும்பிலிருந்து கண்டி நேர்கோட்டில் 90 கிலோமீற்றருக்கு மேல். இடையிலே மலைகள் வேறு. எனவே கொழும்பிலே எவ்வளவு பெரிய கோபுரம் கட்டினாலும், பள்ளத்தாக்கில் கிடக்கும் அக்குறணைக்கு அது நேரே பேசாது. நமக்கு மலை முகடுகளே கைகொடுக்கின்றன. 2524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகாலை மலையுச்சியில் தேசியத் தொலைக்காட்சியின் பரப்பி அமைந்ததும், கண்டி நகரில் நின்று பார்த்தால் ஹந்தானை மலைமேல் இரும்புக் கோபுரங்கள் தெரிவதும் இதனாலேயே.

உயரம் பயன் தருவதைப் போலவே ஆபத்தையும் தரும். அக்குறணையின் நடுவே ஓடும் நமது ஏ-9 வீதியில் ஏறி வடக்கு நோக்கிப் போய்க்கொண்டேயிருந்தால், மாங்குளம் கடந்து கொக்காவில் வரும். வடக்குக்கு ஒலியையும் ஒளியையும் அஞ்சல் செய்ய அங்கே ஒரு கோபுரம் இருந்தது. 1990 ஜூலையில் அதைக் காத்து நின்ற இராணுவ முகாம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது, கோபுரமும் அழிந்தது. அந்த முகாமில் மாண்ட இளம் அதிகாரிகளில் ஒருவர் கண்டியைச் சேர்ந்தவர். அழிந்த இடத்தில் மீண்டும் ஒரு கோபுரம் எழ இருபத்தோராண்டு சென்றது. 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் 2011 ஜூனில் திறக்கப்பட்டது. போர் வந்தால் முதலில் குறிவைக்கப்படுவது குரல் போகும் பாதைதான். இதை நாமறிந்த வீதியே நமக்குச் சொல்கிறது.

கொக்காவில் கோபுரம் திறந்த மறு ஆண்டு, 2012 ஜனவரியில், தாமரைக் கோபுரத்தின் வேலை ஆரம்பமாயிற்று. முதலில் பேலியகொடையில் கட்டுவதாக இருந்து, பின்னர் பேரை வாவிக் கரைக்கு மாற்றப்பட்டது. சீன வங்கிக் கடனோடும் சீனக் கம்பனிகளின் உழைப்போடும், பத்துக் கோடி அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட செலவில் அது உயர்ந்தது. 2019 செப்டெம்பர் 16இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திறந்துவைத்தார். ஆயினும் பொதுமக்கள் உள்ளே போகக் கிடைத்தது 2022 செப்டெம்பர் 15இல்தான். எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்று களைத்த ஆண்டு அது. ஐந்நூறு ரூபாவுக்கும் இரண்டாயிரம் ரூபாவுக்கும் சீட்டு வாங்கி, அந்தக் களைப்போடேயே மக்கள் மேலே ஏறிக் கொழும்பைப் பார்த்தார்கள்.

அதை வீண் என்று நான் சொல்ல வரவில்லை. ஈபல் கோபுரமும் ஒரு காலத்தில் வீண் என்று பேசப்பட்டதுதான். உயரத்துக்கு என்ன பயன் வரும் என்பதை வருங்காலமே தீர்மானிக்கும். ஆனால், ஒன்றை மறுக்கமுடியாது. இலங்கையின் குரல் இமயம் வரை கேட்ட நாட்களில் அதற்கென்று அண்ணாந்து பார்க்க ஒரு கோபுரம் இருக்கவில்லை. அண்ணாந்து பார்க்கக் கோபுரம் வந்தபோது, அந்தக் குரலுக்குக் காத்திருந்த விறாந்தைகள் வெறுமையாகிவிட்டன.

என் கவலை கோபுரத்தைப் பற்றியதல்ல, குரலைப் பற்றியது. அந்நாளில் ஒலிப்பதிவு நாடா விலை கூடிய பொருள். உலகின் பல வானொலி நிலையங்களில், ஒருமுறை ஒலித்ததை அழித்து அதன் மேலேயே மற்றொன்றைப் பதிவது வழக்கமாயிருந்தது. நேரடியாகப் பேசியவை பதிவாகவே இல்லை. கல்லும் இரும்பும் நூறாண்டு நிற்கும். காற்றிலே போன சொல்லுக்கோ கேட்டவரின் நினைவைத் தவிர வேறு களஞ்சியம் கிடையாது. அந்த நினைவும் ஒவ்வொரு ஜனாஸாவோடும் சிறிது சிறிதாக மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

ஆதலால் நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் எழுபது எண்பது வயதுடைய ஒருவர் இருப்பார். எந்த நிகழ்ச்சிக்காகக் காத்திருந்தார், யார் குரல் பிடித்தது, எந்தச் செய்தியை வானொலியில் கேட்டு அழுதார் என்று கேளுங்கள். பாடசாலைப் பிள்ளைகள் அதை ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதிவைக்கட்டும். கையிலுள்ள தொலைபேசியிலேயே ஒலிப்பதிவு செய்யட்டும். பழைய ஒலிநாடாக்கள் அலுமாரியில் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்குமுன் வெளியே எடுங்கள். வானொலியிலே பேசியதைப் பத்திரிகையில் அச்சிடும் இந்தப் பத்தியும் அத்தகைய ஒரு சிறு முயற்சியே.

என் பேரனுக்கு அன்றிரவே பதில் சொன்னேன். கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப்போய், பாக்கு மரம் நின்ற இடத்தைக் காட்டினேன். மரம் பட்டுப்போய் எத்தனையோ ஆண்டுகள். அடிக்கட்டை மட்டும் மண்ணோடு மண்ணாகத் தெரிந்தது. "இங்க இருந்து கம்பி கட்டித்தான் மகன் கேட்டோம்" என்றேன்.

அவன் அந்த அடிக்கட்டையையும் பார்த்தான், மேலே வானத்தையும் பார்த்தான். பிறகு கேட்டான்: "என்னத்த கேட்டீங்க அப்பா?"

விறாந்தையில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன்.